தங்கம் தீர்ந்த சீமையில் நெல்லுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் மேடேறத் தொடங்குகிறது. பச்சூர், குப்பம், காமசமுத்திரம் என்று மூன்று மாநிலங்கள் சற்று நேரத்துக்குள் ஜன்னலைக் கடந்துவிடுகின்றன. ஆந்திரம் எங்கே முடிந்தது, கர்நாடகம் எங்கே தொடங்கியது என்பதை ஸ்டேஷன் பலகையின் எழுத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். மண் மாறுவதில்லை. அதே செம்மண், அதே கருங்கல் குன்றுகள், குன்றின் காலடியில் ஓர் ஏரிக்கரை. கரைக்கு உள்ளே மழை பொய்த்த ஆண்டுகளில் தண்ணீரைவிட முள்மரம் அதிகம். கரைக்கு வெளியே ஒரு காலத்தில் நெல் விளைந்த கழனிகளில் தக்காளிச் செடிகள் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அடுத்து வருவது பங்காருபேட்டை. பெங்களூருக்கு இன்னும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

பெயரில் பங்காரு, அதாவது தங்கம் இருக்கிறதே தவிர, இந்த ஊரில் ஒருபோதும் தங்கம் எடுத்ததில்லை. முன்பு இதன் பெயர் பவுரிங்பேட்டை. 1860-களில் மைசூரின் கமிஷனராக இருந்த லெவின் பெந்தம் பவுரிங் என்ற வெள்ளைக்காரரின் பெயர் அது. 1894-ல் இங்கிருந்து தங்கவயலுக்கு, மாரிக்குப்பம் வரை, சுமார் 16 கிலோமீட்டர் கிளைப்பாதை போட்டார்கள். சுரங்கத்துக்கு இயந்திரமும் கூலியாளும் இந்த வழியாகப் போனார்கள், தங்கம் இந்த வழியாக வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்த தமிழர்கள் ரயில் மாறிய இடம் இது. இன்று வெளியூர்க்காரர்களுக்கு பங்காருபேட்டை என்றால் நினைவுக்கு வருவது பானி பூரி. பச்சை நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர்போலத் தெளிந்திருக்கும் ஒரு பானியை இங்கே ஊற்றித் தருகிறார்கள். தண்ணீர்தான் என்று நினைத்து விழுங்கினால் காரம் காதில் ஏறுகிறது.

தண்ணீருக்குப் பஞ்சமான ஒரு தாலுகா தண்ணீர்போன்ற ஒன்றினால் புகழ்பெற்றிருப்பது விசித்திரம்தான். ஆனால் இந்தக் கட்டுரை நெல்லைப் பற்றியது. கோலார் மாவட்டத்தில் நெல்லா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி.

ஜீவநதியே இல்லாத மாவட்டம் இது. பாலாறு இந்த மேட்டுநிலத்தில்தான் பிறக்கிறது. பேத்தமங்கலம், ராமசாகரம் ஏரிகளை நிரப்பிவிட்டு, மிச்சமிருந்தால் ஆந்திரத்துக்கும் அங்கிருந்து வாணியம்பாடிப் பக்கமாகத் தமிழ்நாட்டுக்கும் இறங்குகிறது. பல ஆண்டுகள் மிச்சமே இருப்பதில்லை. 2021 நவம்பரில் பாலாறு வேலூர் வரை கரை புரண்டு ஓடியபோது பலர் முதல்முறையாக அதை ஆறாகப் பார்த்தார்கள். பேத்தமங்கலம் ஏரி நம் தமிழர்களுக்கு இன்னொரு வகையிலும் தெரிந்தது. தங்கவயலுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வந்தது. சுரங்கக் கம்பெனி பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். தண்ணீருக்கு மட்டும் பழைய ஏரியிடம்தான் கையேந்த வேண்டியிருந்தது.

மழை ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கழனியில் தண்ணீரைத் தேக்கி நிறுத்தி வளர்க்கும் நெல்லுக்கு நான்கைந்து மாதத்தில் 1,200 மில்லிமீட்டர் அளவுக்குத் தேவைப்படும். கணக்கு இங்கேயே உதைக்கிறது. ஓர் ஏக்கரில் 1,200 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். பங்காருபேட்டைக்காரர்களுக்குப் புரியும் அளவில் சொல்வதானால், 6,000 லிட்டர் டேங்கர் லாரியில் 800 நடை. ஒரு கிலோ அரிசிக்கு 3,000 லிட்டர் தண்ணீர் என்று சொல்கிறார்களே, அது இப்படித்தான் வருகிறது.

அந்தக் காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? ஏரியால். ஓடி வரும் மழைத்தண்ணீரை மேட்டுநிலம் முழுவதிலிருந்தும் கூட்டி, கரைகட்டி, தாழ்ந்த பத்து இருபது ஏக்கருக்குக் கொடுத்தார்கள். மேட்டில் கேழ்வரகு, பள்ளத்தில் நெல். ஒன்றாக இருந்த கோலார் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் ஏரிகள் இருந்தன. சிக்பள்ளாப்பூர் 2007-ல் தனி மாவட்டமாகப் பிரிந்தபிறகும் இங்கே ஏரிகளுக்குக் குறைவில்லை. தண்ணீர் விடுவதற்கு நீரகண்டி என்று ஒருவர் இருந்தார். நம் பக்கத்தில் நீர்க்கட்டி, கம்புகட்டி என்கிறோமே, அவர்தான். பெரும்பாலும் தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர், பரம்பரை வேலை. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். கூலி களத்துமேட்டில் நெல்லாக அளக்கப்படும். ஏரி பாதிதான் நிரம்பியது என்றால் எத்தனை கழனிக்கு நடவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். தனக்கென்று நிலம் இல்லாதவர் கையில் தண்ணீரைக் கொடுத்திருந்தது ஒரு தந்திரம். சொந்தக் கழனி இருந்தால் அவர் நியாயமாக நடப்பாரா என்ற சந்தேகம்தான் காரணம். அந்த நியாயத்துக்கு அவருக்குக் கிடைத்த மரியாதை எவ்வளவு என்பது வேறு கதை. அது அத்தனை பெருமையான கதை அல்ல.

போர்வெல் வந்தது, நீரகண்டி போனார். சொந்த மோட்டார் இருப்பவனுக்கு மதகு எதற்கு? ஏரிக்கு வரும் கால்வாய்கள் தூர்ந்தன. மேட்டுநிலத்தில் சமூகக் காடு என்ற பெயரில் தைலமரங்கள் வந்தன. தைலமரத்துக்குக் கன்னடத்தில் நீலகிரி என்று குளிர்ச்சியான பெயர். அது நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற புகார் முற்றி, 2017-ல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது. அதற்குள் போர்வெல் 1,000 அடியைத் தாண்டி, சில இடங்களில் 1,500 அடிக்குப் போய்விட்டது. ஆழத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு. தங்கத்துக்காக 10,000 அடி தோண்டிய சீமையில் கேழ்வரகுக்களி கிண்டத் தண்ணீர் வேண்டி 1,500 அடி தோண்டுகிறார்கள்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதன்பிறகு தங்கவயலின் வாழ்க்கை ரயிலில்தான். மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை கிளம்பும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கட்டடவேலை, கார்மென்ட்ஸ், செக்யூரிட்டி. சுற்றுப்புற கிராமங்களின் இளைஞர்களும் பங்காருபேட்டையில் அதே வண்டியில் தொற்றிக்கொள்கிறார்கள். நெல்லைப் பற்றிப் பேசும்போது இந்த ரயிலை மறக்கக்கூடாது. நடவுக்கு ஆள் எங்கே என்றால் பதில் அந்த ரயிலில் இருக்கிறது.

இனி குறைந்த தண்ணீரில் நெல். இதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றே என்று நினைத்துப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, நம் ஊரில் ஒற்றை நாற்று நடவு, செம்மை நெல் சாகுபடி என்று அழைக்கப்படுவது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துத் தீவான மடகாஸ்கரில் ஹென்றி த லாலனி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983-ல் வறட்சியின் அவசரத்தில் 15 நாள் நாற்றைப் பிடுங்கி நட நேர்ந்தது. இளம் நாற்று, தனித்தனியாக, இடைவெளி விட்டு. அது கிளை வெடித்த வேகம் அவரையே அசத்தியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து நார்மன் அப்ஹாஃப் அதை உலகெங்கும் எடுத்துப்போனார். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2000-ல் சோதனையைத் தொடங்கி, 2003-04-ல் தாமிரபரணி, காவிரிப் பாசனங்களில் விவசாயிகளின் கழனியிலேயே செய்து காட்டியது. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. லாலனிக்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சைச் சீமையில் ஒற்றை நாற்று நடுவதைப் பற்றித் தமிழில் எழுதியிருக்கிறார்கள். கஜா நடவு என்று அதற்குப் பெயர்கூட இருந்தது. பிறகு உரமூட்டை வந்தது, மறந்துவிட்டோம். கர்நாடகத்திலேயே ஹாவேரிப் பக்கம் கேழ்வரகைக் குழிபோட்டு ஒற்றையாய் நடும் குளிராகி வழக்கம் இருக்கிறது. எனவே இந்த மண்ணுக்கு இது அந்நியமான யோசனை இல்லை.

செய்முறை எளிது, பழக்கம்தான் கடினம். ஏக்கருக்கு 20, 30 கிலோ விதைத்துப் பழகிய கைக்கு 3 கிலோ போதும் என்றால் நம்பிக்கை வருவதில்லை. ஒரு ஏக்கருக்கான நாற்றங்கால் ஒரு சென்டில் அடங்கிவிடும். 14 நாளில் நாற்றை வேரோடு, மண்ணோடு, விதைகூட ஒட்டியிருக்கும்போதே எடுத்து 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சதுரமாக நட வேண்டும். நட்ட அன்று வயலைப் பார்த்தால் வயிறு எரியும். வெறும் சேற்றில் அங்கங்கே பச்சை மயிர் முளைத்ததுபோல் இருக்கும். பக்கத்துக் கழனிக்காரர்கள் சிரிப்பார்கள். மூன்று வாரம் பொறுக்க வேண்டும். தண்ணீரைத் தேக்காமல், மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது ஓர் அங்குலம் மட்டும் பாய்ச்ச வேண்டும். 10 நாளுக்கொரு முறை கோனோவீடர் என்ற உருளைக் கருவியைக் குறுக்கும் நெடுக்கும் தள்ள வேண்டும். களை மண்ணுக்குள் அமுங்கி உரமாகும், வேருக்குக் காற்றும் போகும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், நாம் மேலே போட்ட கணக்கில் ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டர். 260 டேங்கருக்கு மேல்.

இரண்டாவது பாதை பங்காருபேட்டைக்கு இன்னும் பக்கத்திலிருந்து வந்தது. பெங்களூர் ஜி.கே.வி.கே. வளாகத்து வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எச்.இ. சசிதர் குழுவினர் உருவாக்கிய எம்.ஏ.எஸ். 946-1 என்ற ரகம் 2007-ல் வெளியானது. சாரதா என்று செல்லப்பெயர். ஏரோபிக் நெல் என்கிறார்கள். சேடை ஓட்ட வேண்டாம், நாற்று விட வேண்டாம், தண்ணீர் கட்டவே வேண்டாம். கேழ்வரகுபோல் புழுதியில் விதைத்து, நிலம் காயும்போது நனைத்தால் போதும். ஆழமாக இறங்கும் வேர்தான் இதன் பலம். தண்ணீர் பாதியாகக் குறையும் என்பது இதன் வாக்குறுதி. ராமநாதபுரத்துக்காரர்கள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். புழுதி விதைப்பு அங்கே தாத்தா காலத்துச் சமாச்சாரம். வித்தியாசம், அந்தப் பழைய ரகங்களைவிட அதிக விளைச்சல் தரும் ரகத்துக்கு அந்த வேரைக் கொடுத்திருப்பது. வயலில் தண்ணீர் நிற்காததால் மீத்தேன் வாயுவும் குறைகிறது. பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதற்காகவே இந்த முறைகளைக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் தண்ணீர் நெல்லுக்குக் குடிக்க மட்டும் அல்ல. களையை அடக்கும் போலீஸ்காரன் அதுதான். தண்ணீரை எடுத்துவிட்டால் கோரையும் அருகும் கொண்டாட்டம் போடும். ஏரோபிக் நெல்லைக் கைவிட்டவர்கள் பலர் களைக்குத் தோற்றுத்தான் கைவிட்டார்கள். இன்னொன்று, தண்ணீர் தேங்காத மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எளிதில் கிடைப்பதில்லை. இளம் இலைகள் வெளுத்துப்போகும். செம்மண் முழுக்க இரும்புதானே என்று வாதம் செய்யலாம். மண்ணில் இருப்பதும் பயிருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. அதே கழனியில் வருஷா வருஷம் இதையே போட்டால் வேர்முடிச்சு நூற்புழு சேர்ந்து விளைச்சல் இறங்கும். அடுத்த போகம் உளுந்தோ அவரையோ போட்டு மாற்ற வேண்டும்.

உயிர் உரக் கதைக்கு வருவோம். இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. துண்டுப் பிரசுரங்களில் அது சரியாகச் சொல்லப்படுவதில்லை. நெல்லுக்கு உயிர் உரம் என்றதும் நினைவுக்கு வருபவை நீலப்பச்சைப் பாசியும் அசோலாவும். பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வயலுக்குத் தருகிறது என்று பி.கே. டே என்ற இந்திய விஞ்ஞானி 1939-லேயே காட்டினார். வியட்நாமிலும் சீனாவிலும் அசோலா பல தலைமுறை வழக்கம். இரண்டும் வாழ்வது தேங்கிய தண்ணீரில். தண்ணீரை வடித்துவிட்டு அசோலாவைத் தூவினால் அது காய்ந்து சருகாகும். ஆக, குறைந்த தண்ணீரையும் அசோலாவையும் ஒரே வயலில் ஒரே நேரத்தில் எதிர்பார்ப்பது கட்டிலில் படுத்துக்கொண்டே நடக்க ஆசைப்படுவதுபோல. அசோலாவை வீட்டுப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய்த் தொட்டியில் வளர்த்து மாட்டுக்குப் போடலாம், சாணத்தைக் கழனிக்குக் கொண்டுபோகலாம். பாலுக்குப் பெயர்போன கோலாரில் அது பொருத்தமான ஏற்பாடு.

காய்ந்தும் நனைந்தும் இருக்கும் வயலுக்கு ஏற்றவை வேறு. அசோஸ்பைரில்லம் வேரை ஒட்டி வாழும் பாக்டீரியா. அதற்குக் கொஞ்சம் காற்றும் வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும். பிரேசிலில் யோஹன்னா டோபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானி 1970-களில் இதன் அருமையை உலகுக்குச் சொன்னார். மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக்கொடுக்கப் பாஸ்போபாக்டீரியா இருக்கிறது. விதையில் கலக்கலாம். நாற்றின் வேரைக் கரைசலில் கால்மணி, அரைமணி நேரம் நனைத்து நடலாம். ஏக்கருக்கு 4 பாக்கெட்டைத் தொழுவுரத்தில் கலந்து தூவலாம். தழைச்சத்து உரத்தில் கால்பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது பல்கலைக்கழகங்களின் சிபாரிசு. கால்பங்குதான். முழு யூரியாவையும் நிறுத்திவிட்டு ஒரு பாக்கெட் பொடியை நம்பி உட்கார்ந்தால் பயிர் மஞ்சளாகத்தான் நிற்கும். பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர் என்பதை விற்பவரும் மறக்கிறார், வாங்குபவரும் மறக்கிறார். வெயில் படும் கடை வாசலில் அடுக்கிவைத்து, தேதி முடிந்தபிறகு வாங்கி, பூச்சிமருந்தோடு ஒரே வாளியில் கலக்கினால் அது வெறும் கரித்தூள்.

சுபாஷ் பாலேக்கர் சொல்லும் ஜீவாமிர்தமும் கர்நாடகத்தில் பரவலாகத் தெரிந்தது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறுமாவு, ஒரு பிடி மண். நாட்டுமாட்டுச் சாணம்தான் வேண்டும் என்பது அவர் கட்டளை. கோலார்த் தொழுவங்களில் நிற்பவை பெரும்பாலும் கலப்பினப் பசுக்கள். நுண்ணுயிர்கள் மாட்டின் ஜாதி கேட்டுப் பெருகுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்தக் கரைசல் தானே உரம் என்ற நினைப்பும் தப்பு. மண்ணில் மக்கு இருந்தால்தான் அந்த உயிர்களுக்குச் சாப்பாடு. அந்த மக்குக்கு இந்தச் சீமையில் பழைய வழிகள் இருக்கின்றன. கழனி ஓரத்துப் புங்கமரத் தழை, கோடையில் ஏரியிலிருந்து வண்டி வண்டியாக அடித்த வண்டல். வண்டலை எடுத்தால் ஏரியும் ஆழமாகும், கழனியும் கொழுக்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று சொல்லலாம்; அடிக்கத்தான் ஆள் இல்லை. தங்கவயலின் சயனைடு மேடுகளிலிருந்து தண்ணீர் வழிந்து வரும் பள்ளங்களில் மட்டும் இந்த வேலை வேண்டாம். அந்தப் புழுதியோடு ஒரு தலைமுறை இருமிக்கொண்டிருக்கிறது. அதைச் சோற்றிலும் சேர்க்க வேண்டியதில்லை.

இந்தச் சீமையின் தண்ணீர்க் கதையில் புதிய திருப்பம் 2018 ஜூனில் வந்தது. பெங்களூரின் கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குப் பம்ப் செய்யும் திட்டம். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் என்பது இலக்கு. முதலில் நிரம்பியது லட்சுமிசாகரா ஏரி. அடுத்த மாதமே அங்கே நுரை கிளம்பியது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது, பம்பிங் தொடர்ந்தது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்பது எதிர்ப்பாளர்களின் கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். அதே நேரம், பல ஆண்டு வறண்டு கிடந்த கிணறுகளில் தண்ணீர் ஊறியதைப் பார்த்த விவசாயியிடம் இதைச் சொன்னால் அவர் முகம் சுளிப்பதும் நியாயம்தான். பெங்களூரில் உழைத்துவிட்டு ராத்திரி ரயிலில் திரும்புகிறவர்கள் உபயோகித்த தண்ணீரும் பின்னாலேயே குழாயில் வருகிறது!

இதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. இந்தத் தண்ணீரை மதகைத் திறந்து நேராகக் கழனிக்கு விடக்கூடாது. ஏரியில் நின்று பூமிக்குள் இறங்க மட்டும்தான். அதாவது ஏரி நிரம்பியிருக்கிறது, மதகு மூடியிருக்கிறது, கழனிக்காரர் அதே தண்ணீரைப் போர்வெல் வழியாக மேலே இழுக்கிறார். பழைய ஏரிப்பாசனம் திரும்பிவிட்டது என்று கரையில் நின்று ஏமாந்துவிடக்கூடாது. போர்வெல் நெல்லுக்கு ஒவ்வோர் அங்குலத்துக்கும் மின்சாரம் செலவாகிறது.

அந்த மின்சாரத்தில்தான் சிக்கல். கர்நாடகத்தில் 10 குதிரைத்திறன் வரை பாசன மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஓர் அழகான உபாயம் சொல்கிறது. ஓட்டைபோட்ட ஓர் அடி பிளாஸ்டிக் குழாயில் பாதியை மண்ணுக்குள் புதைத்துவைத்து, உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும். தண்ணீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கினால்தான் மோட்டாரைப் போட வேண்டும். சில ரூபாய்ச் செலவு. ஆனால் மூன்று ஃபேஸ் மின்சாரம் எப்போது வரும், எத்தனை நேரம் நிற்கும் என்று தெரியாத கழனியில் எவன் குழாயை எட்டிப்பார்ப்பான்? வந்தபோது பிடித்துக்கொள் என்பதுதான் விதி. மோட்டாரை ஆட்டோ ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் வரப்பு மறைந்திருக்கும். குறைந்த தண்ணீர் விவசாயத்துக்கு விவசாயியின் மனம் மாறினால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அட்டவணைப்படி பகலில் நாலு மணி நேரம் கரண்ட் கொடுத்துப் பார்க்கட்டும். பாதி மனம் தானாக மாறிவிடும்.

நடவு ஆட்கள் பிரச்சினையும் அப்படித்தான். நடவுப் பெண்கள் ஏக்கர் கான்ட்ராக்டில் கும்பலாக வருகிறார்கள். கயிறு கட்டி, கோடு போட்டு, ஒற்றை நாற்றாக நடுவதற்கு முதல் இரண்டு முறை நேரம் கூடுதலாகும். அதே கூலிக்கு அவர்கள் ஏன் செய்ய வேண்டும்? நடவுக்குப்பின் களையெடுப்பில் கிடைத்த கூலியும் போகிறது. கோனோவீடரைத் தள்ளுவது பெரும்பாலும் ஆண்கள். செலவு மிச்சம் என்று நாம் எழுதும் தொகையில் ஒரு பகுதி அந்தப் பெண்களின் மடியிலிருந்து எடுத்தது. கருவி எடை குறைந்து, அதைத் தள்ளும் கூலியும் அவர்களுக்கே கிடைத்தால் கணக்கு நேராகும்.

விளைச்சல் இரட்டிப்பாகும் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. 2011-ல் பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் சுமந்த் குமார் என்ற விவசாயி ஒற்றை நாற்று முறையில் ஹெக்டேருக்கு 22.4 டன் எடுத்ததாக அறிவிக்கப்பட்டு உலகமே பேசியது. சீன விஞ்ஞானிகள் உள்படப் பலர் நம்ப மறுத்தார்கள். பங்காருபேட்டைக் கழனிக்கு அந்த விவாதம் தேவையில்லை. பழைய விளைச்சலே வந்து தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானாலே இங்கே அது பெரிய லாபம். மிச்சமாகும் தண்ணீர் மிச்சமாக இருக்குமா என்பதுதான் என் பயம். 260 டேங்கர் தண்ணீர் தரையில் இருக்கிறது என்று தெரிந்தால் இன்னொரு அரை ஏக்கர் தக்காளி போடாமல் இருக்க யாருக்கு மனம் வரும்? ஆசியாவின் பெரிய தக்காளி மண்டிகளில் ஒன்று கோலாரில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லித் தடுக்க அந்தக் காலத்தில் ஊர்க்கூட்டம் இருந்தது. போர்வெல்லுக்கு ஊர்க்கூட்டம் கிடையாது.

ஆகவே மேட்டுநிலத்தில் நெல் வேண்டாம். அங்கே கேழ்வரகுக்கு நிகர் கேழ்வரகுதான். தங்கவயல் தமிழர்களும் பல தலைமுறையாகக் களிக்குப் பழகியவர்கள். 2013-ல் வந்த அன்னபாக்கியா திட்டத்துக்குப்பின் ரேஷன் அரிசி வீட்டுக்கே வருகிறது. வயிற்றுக்காக நெல் போட வேண்டிய கட்டாயமும் குறைந்துவிட்டது. ஏரிக்குக் கீழே, களிமண் படிந்து, வேறெந்தப் பயிருக்கும் மழைக்காலத்தில் கால் அழுகும் பள்ளக் கழனிகள் இருக்கின்றனவே, அவை நெல்லுக்கென்றே பிறந்தவை. அங்கே ஒற்றை நாற்று. அதற்குச் சற்று மேலே, ஈரம் நிற்கும் ஆனால் தண்ணீர் நிற்காத கழனிகளில் ஏரோபிக் நெல்லைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் தடவை கால் ஏக்கர் போதும். ஆடிப் பட்டத்துக்கு முன்பே தக்கைப்பூண்டு விதைத்து, பூப்பதற்குமுன் மடக்கி உழ வேண்டும். தென்மேற்கு மழையில் வளர்ந்து, வடகிழக்கு மழை எட்டிப்பார்க்கும்போது பால்பிடித்திருந்தால் மோட்டாருக்கு அதிக வேலை இருக்காது. விதையை ஜி.கே.வி.கே.யிலோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு வாங்கலாம். கோனோவீடரை வாடகைக்கு எடுக்க முடிகிறதா என்று நடவுக்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். நட்ட பத்தாம் நாள் களை தலைகாட்டும். அது வாடகைக் கருவிக்காகக் காத்திருக்காது.